தேதி இல்லாத பெயர்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சின்னவனைக் கம்ப்யூட்டர் அறையில் பேயறைந்தவன் மாதிரி உட்கார வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். என் பாட்டைவிட அவன் பாடு பெரும்பாடு.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. சின்னவனின் அக்கா, நம் பெரியவள், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு வாழ்கிறவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தம்பிக்கு மாமா என்பதால் நமக்கும் அவர் மாமா.

சின்னவனின் ரத்தம் அக்காவுக்குச் சேரவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை. அதற்கெல்லாம் நாலாம் அத்தியாயத்திலேயே அழுது முடித்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே வழி. இறந்துபோன யாரோ ஒருவருடைய சிறுநீரகம் வரவேண்டும். அதுவும் அவளுடைய அபூர்வமான ரத்தப் பிரிவாக இருக்கவேண்டும். அந்தப் பிரிவில் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். வந்தால், காத்திருப்புப் பட்டியலில் யார் முதலில் பதிந்தாரோ அவருக்குத்தான் முதல் அழைப்பு.

போன மாதம் அந்தப் பட்டியலைக் கவனிக்கும் பட்டியலம்மா, சொல்லக்கூடாததை வாய் தவறிச் சொல்லிவிட்டார். "உங்க பிரிவுல நீங்கதான்மா முதல்."

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கதவோரம் ஒரு பை தயாராக நிற்கிறது. மாற்றுத்துணி, சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, செல்போன் சார்ஜர். மாமா வெளியூர்ச் சவாரியை ஒத்துக்கொள்வதில்லை. பெரியவள் பல மாதம் கழித்துக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள்.

சின்னவன் வேலை பார்ப்பதும் அதே ஆஸ்பத்திரியில்தான், கம்ப்யூட்டர் பிரிவில். போன அத்தியாயத்தில் அவன் திரையில் பார்த்தது அந்த முதல் பெயரைத்தான்.

*

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் பழசு. எவ்வளவு பழசு என்றால், அதை எழுதி விற்ற கம்பெனியே "இனிமேல் எங்களைக் கேட்காதீர்கள்" என்று கைகழுவி வருஷக்கணக்காகிறது. அது குடியிருந்த மெஷின், மாடிப்படி ஏறும் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து இழுத்து ஓடியது. அதில் உள்ள அத்தனையையும் புது மெஷினுக்கு, புத்தம் புது வெர்ஷனுக்கு மாற்றும் வேலை சின்னவன் தலையில் விழுந்திருந்தது. இன்று மாலைக்குள் பழையதை அணைத்தே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

நோயாளிகள் விவரம் போய்ச் சேர்ந்தது. மருந்துக் கிடங்கு போய்ச் சேர்ந்தது. ரத்த வங்கிகூடச் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. காத்திருப்புப் பட்டியல் மட்டும் வாசலில் நின்றுவிட்டது. ஒரு பதிவில் தேதி செல்லாது என்று சிவப்பில் ஒரு வரி.

பழைய வெர்ஷன் பரம சாது. எதைக் கொடுத்தாலும் விழுங்கும். பிப்ரவரி முப்பத்தொன்று என்று கொடுத்தாலும் தலையாட்டும். தேதியே போடாமல் விட்டால் கோபித்துக்கொள்ளாது. தானாகவே பூஜ்ஜியம் நாள், பூஜ்ஜியம் மாதம், பூஜ்ஜியம் வருஷம் என்று நிரப்பிவைத்துக்கொண்டு சும்மா இருக்கும். புது வெர்ஷன் கறார் பேர்வழி. அப்படி ஒரு நாள் உலகத்தில் கிடையாது, உண்மையான தேதியைக் கொண்டு வா என்று கதவைச் சாத்திவிட்டது.

பூஜ்ஜியம் எல்லாத் தேதிக்கும் முந்தியது. தேதிப்படி வரிசை கட்டும்போது பூஜ்ஜியக்காரர்தான் முதலில் நிற்பார். பெரியவள் தன் பிரிவில் முதல் ஆளானது அப்படித்தான்.

தேதியைப் போடாமல் விட்டது யார்? வேறு யார், நம் சின்னவன்தான்.

இந்தக் குடும்பத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். எதையும் முடிக்கமாட்டார்கள். முன்னறையில் மூன்று சுவருக்கு நீலம் அடித்து, நாலாவது சுவர் இன்னும் வெள்ளையாக இளிக்கிறது. குளியலறைத் தாழ்ப்பாள் போய், உள்ளே இருக்கிறவர் பாடிக்கொண்டே குளிக்கவேண்டும். எதைக் கேட்டாலும் மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்: "அப்புறம் பாத்துக்கலாம்."

போன வருஷம் பதிவு மேசை முன்னால் பெரியவள் பிடிவாதமாக நின்றாள். "யாரோ சாகணும்னு காத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா? என்னால முடியாது." மாமா பதிந்தே ஆகவேண்டும் என்றார். புருஷனும் பெண்டாட்டியும் வராந்தாவில் ஊர் பார்க்கச் சண்டை போட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட சின்னவன் சமாதானமாக ஒரு வழி கண்டுபிடித்தான்.

"பேரை மட்டும் ஏத்திடறேன்க்கா. நீ சரின்னு சொல்ற அன்னைக்குத் தேதி போட்டுக்கலாம். அப்புறம் பாத்துக்கலாம்."

சில வாரம் கழித்து அவள் மனம் மாறிச் சம்மதக் கையெழுத்தும் போட்டாள். தேதியை மேசைக்காரர்கள் போட்டிருப்பார்கள் என்று சின்னவன் நினைத்தான். சின்னவன் போட்டிருப்பான் என்று மேசைக்காரர்கள் நினைத்தார்கள். யாரும் போடவில்லை.

இன்று காலை, அவள் கையெழுத்துப் போட்ட தேதியைக் கொடுத்து, சும்மா ஒரு ஒத்திகை பார்த்தான் சின்னவன். பட்டியல் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்தது. முதலாவதாக இருந்தவள் பதினொன்றாவதாக நின்றாள்.

சின்னவன் அவசரமாக ஒத்திகையை அழித்தான்.

*

அந்த நேரம் பார்த்துத்தானா பட்டியலம்மா வரவேண்டும்?

"தம்பி, அந்தக் கிழட்டு மெஷின் உயிரோட இருக்கா?"

"இருக்கு மேடம். சாயங்காலம் வரைக்கும்."

"அப்ப இன்னைக்குப் பட்டியலை அதுலேயே எடுத்துக் குடு. உன் புது மெஷின் மெதுவா நடை பழகட்டும். நாளைக்குக் காலைல அதைப் பாத்துக்கறேன்."

பட்டியலம்மாவின் வழக்கம் இது. காலையில் ஒரு முறை பட்டியலை அச்செடுப்பார். தன் மேசைத் தொலைபேசிக்கு மேலே குண்டூசியால் குத்திவைப்பார். அன்று முழுக்க அந்தக் காகிதம்தான் அவருக்கு வேதவாக்கு. திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கம்ப்யூட்டர் தூங்கினாலும் காகிதம் தூங்காது என்பது அவர் கட்சி.

அச்சு இயந்திரம் கரகரவென்று காகிதத்தைத் துப்பியது. பட்டியலம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, மேலிருந்து கீழே ஒரு பார்வை ஓட்டினார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"இடது கையில ஊசி ஏத்த முடியலைன்னுட்டாங்க மேடம். வலது கையும் தளர ஆரம்பிச்சிடுச்சு."

"பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொல்லு. முதல்ல நிக்கறவங்களுக்கு என்ன? ஒரு போன்தான்."

சின்னவன் வாயைத் திறந்தான். மேடம், அதுல ஒரு தப்பு இருக்கு. ஏழெட்டு வார்த்தைகூட இல்லை. அங்கேயே சொல்லியிருந்தால் எத்தனையோ தொல்லை தவிர்ந்திருக்கும். ஆனால் பட்டியலம்மா காகிதத்தை இரண்டாக மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

*

பெரியவளை டயாலிசிஸ் வார்டில் விட்டுவிட்டு, மாமா ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் வேனை நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் சீட்டுக்கடியில் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஒரு பெயின்ட் டப்பா.

"வா மாப்ள. உங்க அக்கா உத்தரவு. நாலாவது சுவரை இன்னைக்கே அடிச்சாகணுமாம். ஆபரேஷன் முடிஞ்சு வந்து படுக்கும்போது அந்த வெள்ளைச் சுவத்தைப் பாக்க முடியாதாம்." அவர் சிரித்தார். "நம்ம வீட்ல ஒரு வேலை முடியப் போகுது, தெரியுமா?"

அந்தச் சிரிப்பைச் சின்னவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். தேதி, பூஜ்ஜியம், பழைய மெஷின், புது மெஷின் எல்லாம். மாமாவுக்கு வெர்ஷன் கிர்ஷன் எல்லாம் புரியவில்லை. கடைசி வார்த்தை புரிந்தது.

"பதினொண்ணா?"

"ஆமா மாமா."

"வருஷத்துக்கு ஒண்ணுதானே வரும்?"

"அதுவும் நிச்சயமில்ல."

மாமா ஒரு துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கணக்கில் அவர் புலி இல்லை. இந்தக் கணக்கு அவருக்கு உடனே வந்துவிட்டது.

"டாக்டர் என்ன சொன்னார்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"வலது கையும் போயிட்டா கழுத்துல குழாய் வைப்பாங்களாம். அதுவும் ரொம்ப நாள் தாங்காதாம். அப்புறம் குத்தறதுக்கு இடம் கிடையாது. இதை எங்கிட்ட தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குத் தெரியாது."

"எனக்கும் சொன்னார்."

"அப்புறம் என்னடா யோசனை?" மாமா துணியை வீசி எறிந்தார். "உன் மெஷின் ஏதோ ஒரு தேதி கேக்குது, அவ்வளவுதானே? குடு. பழைய தேதியாப் பாத்துக் குடு. அவ முதல்லயே நிக்கட்டும்."

"பொய்த் தேதி மாமா அது."

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள் சிவப்பு விளக்கைத் தாண்டினது கிடையாது நான். யாரும் இல்லாத ரோட்லகூட நின்னிருக்கேன். பின்னாடி வர்றவன் எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவான். நிப்பேன். எனக்கு வந்து பொய், நிஜம் பாடம் எடுக்காத."

"அவளுக்குப் பின்னாடி பத்துப் பேர் இருக்காங்க மாமா. எல்லாரும் அவளுக்கு முன்னாடி பதிஞ்சவங்க."

"இருக்கட்டும். அந்தப் பத்துப் பேரை எனக்குத் தெரியாது. இவளைத் தெரியும்."

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷர் ஒரு காரியம் செய்தார். தன்னைவிட வயதில் எவ்வளவோ சின்னவன் முன்னால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கையில் ஈரத்துணி நூல் ஒட்டியிருந்தது.

"மாமா, கையை எடுங்க. யாராவது பாக்கப் போறாங்க."

"எடுக்கறேன். நீ சரின்னு சொல்லு."

"சரி மாமா," என்றான் சின்னவன்.

*

டயாலிசிஸ் வார்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. யாரும் யாரிடமும் பட்டியலில் எத்தனையாவது என்று கேட்கக்கூடாது. எப்போது பதிந்தீர்கள் என்றும் கேட்கக்கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பெண்டாட்டி சண்டையிலிருந்து மூலம் வரை பேசலாம். இதை மட்டும் பேசக்கூடாது. ஆனால் ஒருவருக்கு அழைப்பு வந்துவிட்டால், கிளம்புவதற்கு முன் வார்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். மற்றவர்கள் வாழ்த்தி அனுப்ப வேண்டாமா?

பெரியவளுக்குப் பக்கத்துப் படுக்கை தையல்காரருடையது. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. அது தெரிந்த அன்றே, "அப்ப நீ எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரிதான்," என்று உறவு கொண்டாடியவர். வார்டில் எல்லாருக்கும் அவர் தைத்துக் கொடுத்த சட்டை ஒன்று உண்டு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை முழுக்கப் பிரித்து, அழுத்துபட்டன் வைத்திருப்பார். சட்டையைக் கழற்றாமல் பட்டனை மட்டும் திறந்து ஊசி ஏற்றலாம். பெரியவளுக்கு இரண்டு ரவிக்கை அந்த மாதிரி தைத்துக் கொடுத்திருந்தார், ஒன்று இடது கைக்கு, ஒன்று வலது கைக்கு. இடது கை ரவிக்கைக்கு இனி வேலை இல்லை.

சின்னவன் போனபோது அக்கா கண்ணயர்ந்திருந்தாள். மெஷின் அவள் ரத்தத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தது. தையல்காரர் விழித்திருந்தார். விரலால் சைகை காட்டிக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, மெஷினை மாத்தறீங்களாமே? நர்ஸம்மா சொல்லிச்சு."

"ஆமாங்க."

"பழசுல இருக்கறதெல்லாம் புதுசுக்கு வந்துடுமா? நடுவுல எதுவும் கொட்டிடாதே?"

"கொட்டாதுங்க."

தையல்காரர் வார்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கேக்கக் கூடாதுன்னு தெரியும். இடத்தைக் கேக்கலை. என் தேதி மட்டும் பத்திரமா இருக்கான்னு சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரி இருந்தப்ப கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து பதிய வச்சா. அவ போய்ச் சேந்துட்டா, நான் இருக்கேன். அந்தத் தேதியைத் தவிர எனக்குன்னு ஒண்ணும் கிடையாது தம்பி. புது மெஷின்ல யாராவது விரல் தவறி மாத்திட்டா நான் எங்க போய்க் கேப்பேன்?"

சின்னவன் அவர் தேதியை அன்று காலையே பார்த்திருந்தான். ஒத்திகையில் அக்கா கீழே போனபோது, முதல் இடத்துக்கு ஏறிய பெயர் அவருடையதுதான். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"பத்திரமா போயிடும்ங்க," என்றான்.

"நீங்க சொன்னாச் சரிதான். உங்க அக்கா வளத்த பிள்ளையில்ல?"

பெரியவள் கண் திறந்தாள். "என்னண்ணே, என் தம்பிக்கு அளவு எடுக்கறீங்களா?"

"எடுத்துட்டேன் தங்கச்சி. ஒல்லிக்குச்சி. துணி கால்வாசி மிச்சம்."

அவள் சிரித்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். சின்ன வயதில் அவன் காய்ச்சலை நெற்றியைத் தொடாமலே கண்டுபிடித்தவள் அவள்.

"முகம் ஏன்டா இப்படிச் செத்துக் கிடக்கு?"

"வேலைக்கா. இன்னைக்கு முடிச்சாகணும்."

"முடிச்சிடு. நம்ம வீட்ல ஒருத்தராவது ஒண்ணை முடிங்க."

*

மாலையில் கம்ப்யூட்டர் அறையில் அவனும் இரண்டு மெஷினும்தான். பழையது இரைந்துகொண்டிருந்தது. புதியது சத்தமே இல்லாமல் தேதிக்குக் காத்திருந்தது.

முதலில் ஒரு பொய்த் தேதியைத்தான் அடித்தான். தையல்காரரின் தேதிக்கு முந்திய தேதி. அதை உள்ளே அனுப்பும் பொத்தான்மீது விரலை வைத்தான். வைத்த விரல் அப்படியே இருந்தது. அக்கா சோறு ஊட்டியது, காலேஜ் பீஸ் கட்ட இரவல் தையல் மெஷினில் குனிந்தது, டாக்டர் தனியாகக் கூப்பிட்டது, மாமா கும்பிட்டது எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாமே அந்தப் பொத்தானை அழுத்து என்றுதான் சொல்லின.

தேதியை அழித்தான். கையெழுத்துப் போட்ட நிஜத் தேதியை அடித்தான். அனுப்பினான்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். வாய் மாமாவுக்குச் சரி என்றது, கை தையல்காரருக்குச் சரி என்றது, அவ்வளவுதான் எனக்கும் தெரியும். அவனைக் கேட்டாலும் இதற்குமேல் சொல்லமாட்டான்.

பட்டியல் உள்ளே போயிற்று. சிவப்பு வரி மறைந்தது. வேலை முடிந்தது என்று பச்சையில் ஒரு வரி வந்தது. சின்னவன் மேசைமீது தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு எழுந்து பழைய மெஷினை அணைத்தான்.

பட்டியலம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றியது. மாடிக்குப் போனால் அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். காத்திருக்கலாமா என்று யோசித்தான். அழுது வீங்கிய முகம் வேறு. நாளைக் காலையில் புதுப் பட்டியலை எடுக்கும்போது அவரே பார்த்துக்கொள்வார்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினான்.

*

வீட்டில் நாலாவது சுவர் பாதி நீலமாகியிருந்தது. மாமா நாற்காலிமேல் நின்று அடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் வலது கை ரவிக்கையோடு, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கீழே இருந்து ஆணையிட்டாள்.

"அந்த மூலை விட்டுப்போச்சு பாருங்க."

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

"அந்தப் பேச்சே இன்னைக்குக் கிடையாது. இப்பவே அடிங்க."

மாமா தலையைத் திருப்பிச் சின்னவனைப் பார்த்தார். கண்ணாலேயே கேட்டார். சின்னவன் பதில் சொல்லாமல் செருப்பைக் கழற்றக் குனிந்தான். மாமா அதைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். மூலையை அழுத்தமாக அடித்தார்.

அப்போது பெரியவளின் போன் அடித்தது.

"ஆமா, நான்தான்... சொல்லுங்க மேடம்." அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். போனைக் காதிலிருந்து எடுத்து எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

பட்டியலம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "...உங்க பிரிவுதான். முதல் பேர் உங்களுது. உடனே கிளம்புங்க. பொருத்தம் பாத்துட்டு நேரா ஆபரேஷன்தான். இனிமே ஒண்ணும் சாப்பிடாதீங்க, தண்ணிகூட வேண்டாம். என்ன, கேக்குதா?"

தொலைபேசிக்கு மேலே குண்டூசியில் தொங்கும் காகிதம் சின்னவன் கண்முன் வந்தது.

மாமா நாற்காலியிலிருந்து குதித்தார். பெயின்ட் டப்பா உருண்டது. நீலக்கையோடு பெண்டாட்டியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் கன்னத்தில் அவர் விரல்கள் பதிந்தன. பிறகு அவர் சின்னவனைக் கட்டிக்கொண்டு, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "நீ என் சாமிடா," என்றார்.

இப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். அக்கா பெயின்ட் அப்பிய கன்னத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

கதவோரம் இருந்த பையை எடுத்தது சின்னவன்தான்.

*

வேனில் மாமா ஓட்ட, பக்கத்தில் பெரியவள். பின்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் குட்டை சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு சின்னவன். மடியில் பை.

"இரு, அண்ணனுக்குச் சொல்லிடறேன்," என்று பெரியவள் போனை எடுத்தாள்.

"அப்புறம் சொல்லிக்கலாம்க்கா," என்றான் சின்னவன் அவசரமாக.

"வார்டு வழக்கம்டா. சொல்லாமப் போகக்கூடாது." வேன் இரைச்சலில் கேட்காது என்று போனை மடியில் வைத்து ஒலியைக் கூட்டினாள். "அண்ணே! எனக்கு வந்துடுச்சு. கூப்பிட்டுட்டாங்க. போய்க்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கமிருந்து தையல்காரரின் குரல் கொஞ்சம் மெலிந்து வந்தது. "நம்ம பிரிவுலயா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"அப்ப எனக்கு முன்னாடி நின்னது நீதானா? இத்தனை வருஷமா அது யாரு யாருன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன். கேக்கவா முடியும்?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "யாரோ எவரோன்னு நினைச்சேன். நீயா இருந்ததுல சந்தோஷம். போயிட்டு வா. அந்தப் பட்டன் வச்ச ரவிக்கையைப் போட்டிருக்கியா? நல்லது, டாக்டருங்களுக்குச் சுலபமா இருக்கும்."

பெரியவளின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அது அப்படியே உறைந்துவிட்டது.

"எத்தனை வருஷமாண்ணே?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? நல்ல நேரத்துல."

"சொல்லுங்கண்ணே. நீங்க பதிஞ்சு எத்தனை வருஷமாச்சு?"

"ஏழு முடியப் போவுது. நீ வார்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. அப்ப உன் படுக்கையில வேற ஒருத்தர் இருந்தார், பாவம். சரி சரி, நீ பேசிக்கிட்டு இருக்காத. நான் நினைச்சுக்கிட்டே இருக்கேன், போ."

போன் நின்றது. பெரியவள் அதை மடியிலிருந்து எடுக்கவில்லை. வேனுக்குள் பெயின்ட் வாசனை மூச்சை அடைத்தது.

"நான் போன வருஷம்தானே பதிஞ்சேன்?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மாமா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பினாள். கட்டுப் போட்ட கை இடிக்க, வலியைப் பொருட்படுத்தாமல் முழுக்கத் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தில் அவளுக்குத் தெரியாத மூலை எதுவும் கிடையாது.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

மாலையில் சின்னவன் கை அடித்த நிஜத் தேதி, புது மெஷினில், யாரும் பார்க்காமல் பத்திரமாக இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியத்தை அவன் தேடினான். வாயில் வந்தது வேறு.

"அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாக முன்னால் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"என்னங்க, வண்டியை நிறுத்துங்க."

முன்னால் சிக்னலும் சிவப்பாகத்தான் இருந்தது. மாமா நிறுத்தவில்லை.